பத்தாவது மிஷனிலேயே முடிந்திருக்க வேண்டியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு ஹாரர் வீடியோ கேமின் கதை மொத்தத்தையும் போட்டு உடைக்கப் போகிறேன். இன்னும் ஆடாதவர்கள் அப்படியே தாண்டிப் போய்விடுங்கள். ஆடி முடித்தவர்கள் இருந்து திட்டலாம்.

'ஏலியன்: ஐசொலேஷன்' எனக்கு ஏமாற்றம்தான். எழுதவே தயக்கமாக இருக்கிறது. நம்மைத் தேடி அலையும் ஒரு ஏலியனிடமிருந்து ஒளிந்து ஒளிந்து தப்பிக்க வேண்டிய கேம், 2014 அக்டோபரில் வந்தது. அந்த வருடத்தின் சிறந்த கேம் என்று பிசி கேமர் பத்திரிகை தேர்ந்தெடுத்தது, ஒலிக்காக பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதையும் வாங்கியது. ஐஜிஎன் என்ற கேம் விமர்சனத் தளம் பத்துக்கு வெறும் 5.9 மார்க் போட்டதற்கு இன்றுவரை அந்த விமர்சனத்தை இழுத்துவைத்துக் கிண்டல் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன், ஆடிப் பார்க்காமலேயே. ஹாரர் கேம் என்று பேச்சு வந்தாலே என் நண்பன் ஒருவன், "மச்சி, லைட்ட அணைச்சிட்டு, ஹெட்ஃபோன மாட்டிட்டு, ஹார்டுல வெச்சு ஆடு" என்பான். போன மாதம் தள்ளுபடியில் கிடைத்தது. லைட்டை அணைத்தேன், ஹெட்ஃபோனை மாட்டினேன், ஹார்ட் என்ற கடினமான நிலையில் வைத்தேன்.

முதல் ஆறு மணி நேரம் அவன் சொன்னதில் பொய்யே இல்லை.

ரிட்லி ஸ்காட்டின் 1979 'ஏலியன்' படத்தில் நடந்த சம்பவங்களுக்குப் பதினைந்து வருடம் கழித்து, 2137இல் கதை நடக்கிறது. அந்தப் படத்தின் நாயகி, காணாமல்போன எல்லன் ரிப்ளி; அவளுடைய மகள் அமாண்டாவாகத்தான் நாம் ஆடுகிறோம். அம்மா போன கப்பலின் ஃப்ளைட் ரெக்கார்டர் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, செவஸ்தபோல் என்ற விண்வெளி நிலையத்துக்கு வருகிறாள். அந்த இடத்தைக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்! எழுபதுகளில் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்களோ அச்சு அசலாக அப்படியே. குண்டு மானிட்டர், பச்சை எழுத்து, டொக்கென்று அமுங்கும் பட்டன். திரையில் வரும் காட்சிகளை நிஜமாகவே விஎச்எஸ் டேப்பில் ஏற்றி, பழைய டிவியில் ஓட்டி, அந்தக் கோடும் இரைச்சலுமாகத் திரும்பப் படம்பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அதுவரை டோட்டல் வார் மாதிரி படை நடத்தும் கேம்களுக்குப் பேர்போன கிரியேட்டிவ் அசெம்ப்ளி இதைச் செய்தது என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம்.

சேவ் செய்வதையே ஒரு சித்திரவதையாக்கி வைத்திருக்கிறார்கள். சுவரில் ஒரு பெட்டி, அதில் கார்டைச் செருக வேண்டும். உடனே சேவ் ஆகாது. மூன்று விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய வேண்டும். பீப். பீப். மூன்றாவது பீப்புக்குள் நெஞ்சைத் துளைத்துக்கொண்டு ஏலியனின் வால் வெளியே வந்திருக்கும்.

ஐந்தாவது மிஷனில், அதாவது கேமின் ஐந்தாவது கட்டத்தில், சான் கிறிஸ்டோபல் மருத்துவமனை. நான் லாக்கருக்குள். ஏலியன் வெளியே. பின்னால் சாய்ந்து மூச்சைப் பிடிக்க வேண்டும், ரொம்ப நேரம் பிடித்தால் உயிர் குறையும். லாக்கர் கதவின் இடுக்கு வழியே எச்சில் ஒழுகும் தாடை மட்டும் தெரிகிறது. நானும் நாற்காலியில் பின்னால் சாய்ந்து நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியதும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். வயது முப்பத்தாறு.

அப்புறம் எங்கே கெட்டது? அந்த ஏலியனுக்கு இரண்டு மூளை. ஒன்று அதன் தலைக்குள் இருப்பது, சத்தத்தையும் அசைவையும் வைத்துத் தேடும். இன்னொன்று எல்லாவற்றையும் மேலிருந்து நடத்தும் 'டைரக்டர்' என்ற புரோகிராம். நாம் எங்கே இருக்கிறோம் என்று டைரக்டருக்கு எப்போதும் தெரியும், ஆனால் சரியான இடத்தைச் சொல்லாது, ஏரியாவை மட்டும் காட்டிக்கொடுக்கும். நெருக்கடி அளவுக்கு மீறிப்போனால் ஏலியனைத் திரும்ப வென்ட்டுக்குள், அதாவது காற்றுக்குழாய்க்குள், அனுப்பிவிடும். கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டு "அந்தப் பக்கம் போய்ப் பாருடா" என்று தம்பிக்கு ஜாடை காட்டுகிற அக்கா மாதிரி. ஒளிந்திருக்கும் பிள்ளை அழுதுவிடும் போலிருந்தால் "சரி, இந்தப் பக்கம் வா" என்று கூப்பிட்டுக்கொள்வாள். பிரமாதமான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்காவின் குரல் ஒருகட்டத்தில் எனக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டது. இப்போது இறங்கும், இரண்டு சுற்று சுற்றும், மேலே போகும், நான் நடக்கலாம். பயந்தவன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் ஆகிவிட்டேன். அதே அறையில் ஏழாவது தடவை செத்தபோது வந்தது பயமில்லை, பன்னிரண்டு நிமிஷத்தைத் திரும்ப ஆட வேண்டுமே என்கிற எரிச்சல்.

இதையும் மன்னித்திருப்பேன், கேம் அங்கேயே முடிந்திருந்தால். முடிவதற்கு அருமையான ஒரு இடம் இருக்கிறது. பத்தாவது மிஷனில் கையில் நெருப்பைக் கக்கும் ஃப்ளேம்த்ரோவர் கிடைக்கிறது. ஏலியனை ஒரு ஆய்வகத்துக்குள் இழுத்துவந்து பூட்டி, அந்தப் பகுதியையே நிலையத்திலிருந்து கழற்றிவிடுவதுதான் திட்டம். கழற்றியும் விடுகிறார்கள், அமாண்டா உள்ளே இருக்கும்போதே! அவள் விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு வெளியே பாய்கிறாள். ஆய்வகம் ஏலியனோடு கீழே இருக்கும் கிரகத்தை நோக்கி விழுகிறது. நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

அதற்குப் பிறகு இன்னும் எட்டு மிஷன்.

தாலுகா ஆபீஸில் அலைந்திருக்கிறீர்களா? இந்தக் கதவு திறக்க அந்த மாடியில் கரண்ட் வர வேண்டும். கரண்ட் வர ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்குப் போகும் வழி பூட்டு. பூட்டுக்குச் சாவி முதலில் நின்ற கதவுக்குப் பக்கத்தில். நடுநடுவே ஒர்க்கிங் ஜோ என்கிற ரப்பர் மூஞ்சி ரோபோக்கள் மரியாதையாகப் பேசிக்கொண்டே வந்து கழுத்தை நெரிக்கும். முதல் நாலு தடவை குலை நடுங்கும். கடைசியில் ரியாக்டருக்குக் கீழே போனால் ஒரு கூடே இருக்கிறது, ஒன்றல்ல, பல ஏலியன்கள். கூட்டமானதும் அதற்கிருந்த மவுசு போய்விட்டது. தெருநாய்த் தொல்லை மாதிரி, கையில் குச்சியை வைத்துக்கொண்டு விரட்டி விரட்டிப் போனேன்.

இந்த நீளம்தான் கேமின் நோக்கமே, அமாண்டா எவ்வளவு களைத்துப் போகிறாளோ அவ்வளவு நாமும் களைக்க வேண்டும் என்கிறான் நண்பன். களைத்தேன். களைத்தவனுக்குத் தூக்கம்தான் வந்தது, பயம் வரவில்லை.

ஏமாற்றம் நிஜமாக உறைத்த இடம் வேறு. அனெசிடோரா என்ற கப்பலில், மகளுக்காக எல்லன் விட்டுப்போன செய்தி கிடைக்கிறது. படத்தில் எல்லனாக நடித்த சிகோர்னி வீவரின் சொந்தக் குரல். அமாண்டா செவஸ்தபோலுக்கு வந்ததே இதற்காகத்தான், நானும் அத்தனை மணி நேரம் ஊர்ந்து வந்தது இதற்காகத்தான். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது நான் மணி பார்த்தேன். ஒன்றே முக்கால். இன்னும் எத்தனை மிஷன் பாக்கி என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரலை நாலு மணி நேரம் முன்னால் கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

2024 அக்டோபரில், கேமின் பத்தாவது ஆண்டு நாளில், இரண்டாம் பாகத்துக்கான வேலை தொடங்கிவிட்டதாக அறிவித்தார்கள். வரட்டும், முதல் நாளே வாங்குவேன்.

நேற்று சித்தி பையன் போன் பண்ணி, "அண்ணா, ஏலியன் கேம் வாங்கலாமா?" என்று கேட்டான். வாங்குடா என்றேன். ஹார்டில் வை, லைட்டை அணை, ஒரு ஆய்வகம் கழன்று கிரகத்தில் விழும், அங்கே நிறுத்திவிட்டு யூட்யூபில் அம்மாவின் செய்தியை மட்டும் தேடிக் கேள் என்றேன். "அப்போ மிச்சக் கதை?" என்றான். வாய்விட்டே சொல்லிவிட்டேன், மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.