அது கிரேவிதான், அண்ணா

ஞாயிற்றுக்கிழமை நான் முகநூலில் போட்ட, ஸ்பகெட்டி மேல் மீட்பால் (கறி உருண்டை) வைத்த படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக அதை மறுபடி எடுத்து ஒட்டப்போவதில்லை, அந்த அண்ணனுக்கு அவ்வளவு விளம்பரம் வேண்டாம். 10 நாள் டூரில் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் பார்த்துவிட்டு வந்தவர், "இது போலி, இத்தாலிக்காரன் பார்த்தால் சிரிப்பான்" என்று எழுதினார். அதற்கு 48 பேர் சிரிப்புக் குறி. அதில் ஏழெட்டுப் பேர் என் வீட்டில் இதே மீட்பாலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள். யார் யார் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அவர் சொன்னதில் உள்ள உண்மையை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு வருவார். நேப்பிள்ஸில் ஸ்பகெட்டி மேல் எலுமிச்சம்பழம் அளவு மூன்று உருண்டைகளை வைத்துத் தரமாட்டார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை ராகூ (நம் ராகு கேது இல்லை) என்றால், பெரிய பெரிய கறித்துண்டுகளைத் தக்காளியில் மணிக்கணக்காகச் சிறுதீயில் விட்டு, அந்தச் சாற்றில் பாஸ்தாவைப் பிரட்டி முதலில் சாப்பிடுவார்கள், கறி அடுத்த தட்டில் தனியாக வரும். உருண்டையும் உண்டு, பெரும்பாலும் அதுவும் தனியாகத்தான். அதே இத்தாலியில் தெராமோ என்ற ஊர்ப் பக்கம் கோலிகுண்டு அளவு உருண்டைகள் பாஸ்தாவோடு சேர்ந்தே வரும், ஆனால் அண்ணனின் பஸ் அங்கே நிற்கவில்லை போல. ஆக, வேறு என்கிறீர்களா? வேறுதான். போலி என்றீர்களே, அதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

1880க்கும் 1924க்கும் இடையில் இத்தாலியிலிருந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தெற்கத்தி ஏழைகள்: கம்பானியா, கலாபிரியா, சிசிலி. ஊரில் நாள் கிழமைக்குத்தான் கறி. நியூயார்க்கில் மூட்டை தூக்கி வந்த கூலியில் கறி வாங்க முடிந்தது. அப்படிப்பட்டவர்கள் உருண்டையைச் சின்னதாகவா பிடிப்பார்கள்? ஊரில் கத்தரிக்காயில் தக்காளியும் சீஸும் சேர்த்துச் செய்த பார்மிஜானா, இங்கே அமெரிக்காவில் கோழியில் செய்யும் சிக்கன் பார்ம் ஆனதும் இதே கதைதான். கைக்குக் காசு வந்ததும் தட்டு மாறியது. இதில் போலி எங்கே வந்தது?

அப்புறம், எந்த இத்தாலிக்காரன் சிரிப்பான்? அந்த நாடு ஒன்றாகச் சேர்ந்ததே 1861இல்தான். வடக்கே மிலானில் வெண்ணெய் போட்டு ரிசோட்டோ (குழைவான அரிசிச் சாப்பாடு) கிண்டுகிறவர் வீட்டுச் சமையலும் சிசிலியில் இருக்கும் பலேர்மோக்காரர் வீட்டுச் சமையலும் ஒன்றா? அண்ணன் ரோமில் கார்பனாரா (முட்டையும் சீஸும் சேர்த்த பாஸ்தா) சாப்பிட்டுவிட்டு "ஆயிரமாண்டு மரபு" என்று படம் போட்டாரே, அந்தப் பெயரில் ஒரு பண்டம் இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லை. 1952இலேயே அதன் செய்முறை சிகாகோவில் அச்சாகிவிட்டது. 1954இல் ஒரு இத்தாலியப் பத்திரிகை கொடுத்த செய்முறையில் பூண்டும் க்ருயேர் சீஸும் இருந்தன. அதை இன்று யாராவது செய்தால் அண்ணன் போலீசைக் கூப்பிடுவார். தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து அங்கே போனதுதான்.

"அப்படியானால் ஆல்ஃபிரெடோ பாஸ்தாவில் கிரீம் ஊற்றுவதும் சரியா?" என்று ஒருவர் வருவார். ரோமில் அதில் வெண்ணெயும் பார்மேசான் சீஸும் மட்டும்தான். இங்கே கிரீம் கொட்டுகிறார்கள். அதை நான் காப்பாற்றப்போவதில்லை, எனக்கே பிடிக்காது. அடுத்த கேள்வி.

"ஆனால் அவ்வளவு பூண்டா?" ஆமாம், அவ்வளவு பூண்டுதான். இத்தாலியில் பல வீடுகளில் ஒரு பல்லை எண்ணெயில் சிவக்கவிட்டு எடுத்து எறிந்துவிடுவார்கள், தெரியும். இங்கே வந்தவர்களைப் பூண்டு நாற்றம் என்று சொல்லித்தான் மட்டம் தட்டினார்கள். சமூக சேவகர்கள் வீடு தேடி வந்து, பூண்டைக் குறை, பிள்ளைக்குப் பால் கொடு என்று தாய்மார்களுக்கு வகுப்பெடுத்த காலம் அது. அதற்கும் முன்னால், 1891இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. இதையெல்லாம் பார்த்தவர்களின் பிள்ளைகள் பூண்டை இரண்டு மடங்காகப் போட்டார்கள் என்றால் எனக்கு அது சமையல் தவறாகத் தெரியவில்லை.

எனக்கு இதில் சொந்த வழக்கும் உண்டு. நியூஜெர்சிக்கு வந்த புதிதில், அடுக்ககத்தில் என் தாளிப்பு வாசனைக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். அங்கிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், பூண்டுக் குழம்பு கொதிக்கும்போது கதவு தட்டப்பட்டது. போச்சு, இங்கேயும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று பயந்துகொண்டே திறந்தேன். எதிர்வீட்டு இத்தாலியப் பாட்டி. "எத்தனை பல் போட்டாய்?" என்றார். முப்பது என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். பாலில் ஊறிய பிரெட், கையில் ஒட்டாத பதம், காலை ஏழு மணிக்கே அடுப்பில் ஏறும் பானை. அதில் கொதிக்கும் தக்காளிச் சாற்றைச் சாஸ் என்று சொன்னால் கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார், அது கிரேவி. குழம்பை ரசம் என்றால் நம் வீட்டில் விடுவார்களா?

எழுபது வயதுக்கு மேல்தான் அவர் முதல்முறையாகத் தாத்தாவின் ஊரைப் பார்க்கப் போனார், நேப்பிள்ஸ் பக்கம். கடையில் "ரிகோத்" என்று ரிகோத்தா சீஸ் கேட்டிருக்கிறார். அங்கிருந்த பையன் சிரித்துவிட்டு "ரிகோத்தா" என்று திருத்தினானாம். கடைசி எழுத்தை விழுங்குவது அந்தத் தெற்கத்தி மக்களின் பேச்சுத்தான், தன் பாட்டி வாயில் கேட்டதைத்தான் இவரும் சொன்னார். போன வருடம் மதுரையில் என் மகள் "அத்தை, எனக்குத் தோசை பிடிக்குது இல்லை" என்றதற்கு ஒரு கூடமே சிரித்தது. அதன் பிறகு அவள் போனில் அத்தையோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். நீங்கள் சிரிப்பது உங்களுக்குச் சின்ன விஷயம்.

"ஒரு கமெண்டுக்கு இவ்வளவா?" என்பீர்கள். பாட்டிக்கு இப்போது 86, மகன் வீட்டோடு ஃபுளோரிடாவில் இருக்கிறார், முகநூலில் என் படம் ஒன்றையும் விடமாட்டார். திங்கட்கிழமை காலையில் செய்தி அனுப்பியிருந்தார். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறார். கிரேவியைப் பார்த்து உன் ஊர்க்காரர்கள் ஏன் சிரிக்கிறார்கள், நான் ஏதாவது தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேனா என்று கேட்டிருந்தார்.

உப்பு கொஞ்சம் கூடிவிட்டது, அதைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று எழுதினேன். கமெண்ட் திறந்துதான் இருக்கிறது, அவரும் படிப்பார்.