வாத்தியார் வீட்டுக்கு வந்தா எதுக்குங்க பயப்படணும்

நிலக்கோட்டை பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில வேலை பாக்குறேன். ஏழாவதுல ஒரு பையன், முதல் பீரியட்லயே தலை தொங்கிரும், எழுப்புனா முழிப்பான், திரும்பத் தூங்கிருவான். நைட்டு பூரா செல்லு நோண்டுறியாடான்னு ரெண்டு மூணு தடவை திட்டியும் இருக்கேன். ஒருநாள் சாயங்காலம் வண்டிய நேரா அவங்க வீட்டுக்கு விட்டேன். என்னைப் பாத்ததும் பய பின்வாசல் வழியா ஓடிட்டான். அவங்கம்மா கேட்ட முதல் கேள்வியே "என்ன சார் தப்பு பண்ணிப்புட்டான்?"

தப்பெல்லாம் இல்லக்கா சும்மா வந்தேன்னேன். நம்பல. பக்கத்து வீட்டுல சேர் வாங்கிப் போட்டுட்டு, இவரு எப்ப விஷயத்துக்கு வருவாருன்னு என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிறாங்க.

சொம்புல தண்ணி வந்துச்சு. அது எந்தத் தெருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியும். வாத்தியார் குடிக்கிறாரா இல்ல இப்பதான் குடிச்சேம்மான்னு நழுவுறாரான்னு எதுத்த திண்ணையில ரெண்டு பாட்டிங்க கண்கொட்டாம பாத்துட்டு இருந்தாங்க. குடிச்சேன். அதுக்கப்புறம்தான் பேச்சே வந்துச்சு.

மல்லிப்பூ சீசன். விடியக்காலம் நாலு மணிக்கு தலையில லைட்ட கட்டிக்கிட்டு தோட்டத்துக்குப் போகணும், மொட்டு விரியுறதுக்குள்ள பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்பணும், கூலி எடைக்கு எடைங்கிறதால பையனும் கூடப் போறான். பறிச்சிட்டு குளிச்சு ஓடிவந்து பெஞ்சுல உக்காந்தா தூங்காம என்ன செய்வான், நான் என்னடான்னா செல்லுன்னு திட்டிட்டு இருந்திருக்கேன். ஸ்கூல் நாள்ல கூட்டிட்டுப் போகாதீங்கக்கான்னு கேட்டேன். சரின்னாங்க. சனி ஞாயிறு இப்பவும் போறான்தான், பொய் சொல்ல விரும்பல.

நாம வீட்டுக்கே போறதில்லன்னு இல்ல. அட்மிஷனுக்கு நோட்டீஸோட போறோம், பள்ளி செல்லா குழந்தைகள் கணக்கெடுப்புக்குப் போறோம், பையன் நாள்கணக்கா லீவுன்னா போறோம். எல்லாமே நம்ம தேவைக்கு, ஓட்டு கேக்க வர்றவங்க மாதிரி. 2021ல இல்லம் தேடிக் கல்வின்னு சாயங்காலம் தெருவுலயே தன்னார்வலர் பாடம் சொல்லிக்குடுக்குற திட்டம் வந்தப்ப, அந்தத் தன்னார்வலர் அதே தெருப் பொண்ணா இருந்த இடத்துல பிள்ளைங்க தானா வந்து உக்காந்துச்சு, ஏன்னா அந்தப் பொண்ணுக்கு எல்லார் வீட்டுக் கதையும் தெரியும்.

அதுக்காக தயவுசெஞ்சு இப்படி சும்மா வீட்டுக்குப் போறதையும் ஒரு ஆர்டரா போட்டு, போய் போட்டோ எடுத்து அப்லோடு பண்ணுன்னு ஆக்கிராதீங்க, அத்தோட செத்துரும். ரெண்டு பஸ் மாறி வர்ற டீச்சரை ஆறு மணிக்கு மேல தெருத்தெருவா அலையச் சொல்றதும் நியாயமில்ல. பூ பறிக்கிற ஊர்ல மதியமே வீட்டுல ஆள் இருக்கும், மில்லு வேலைக்குப் போற ஊர்ல பூட்டுதான் தொங்கும். நேரத்த அந்தந்த ஸ்கூலு முடிவு பண்ணட்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009 படி பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர்தான். அந்தப் பையனோட அம்மாவும் மெம்பர்தான், நான் வீட்டுக்குப் போறவரைக்கும் வந்து கையெழுத்துப் போட்டுட்டு கடைசி வரிசையில உக்காந்து எந்திரிச்சுப் போயிருவாங்க. போன கூட்டத்துல எந்திரிச்சு நின்னு "பொம்பளப் பிள்ளைக கக்கூஸ்ல தண்ணி வரல, சாருக்குத் தெரியுமா?"ன்னு என்னைப் பாத்தே கேட்டாங்க. எனக்குத் தெரியாது. ஹெச்எம் என்னைப் பாக்குறாரு, நான் தரையப் பாக்குறேன்.