பந்து இல்லாத ஆளைப் பார்

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அப்பாவை நினைத்து நான் முகநூலில் போட்ட ஒரு கால்பந்து வீடியோவுக்காக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா எழுதிய அந்த வரியை உங்களில் பலர் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். யார் படம் எடுத்து வெளியே அனுப்பினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. "அண்ணன் செத்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பொண்ணு, எவனோ பந்தாட்டத்துல தோத்ததுக்குத் தேம்பித் தேம்பி அழுதாளாம்." அண்ணன் என்று அவர் சொல்வது என் அப்பாவை. அந்த வரிக்குக் கீழே நான்கு பேர் சிரித்திருந்தார்கள். அந்த நால்வரில் இரண்டு பேர் நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள்.

சித்தப்பா, உங்களை மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் நான் எதற்கு அழுதேன் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் பேசிவிட்டீர்கள்.

நான் நெதர்லாந்து தோற்றதற்கு அழவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்து தோற்பது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு மூன்று முறை போய், 1974, 1978, 2010 என்று மூன்று முறையும் தோற்ற அணி அது. அப்பா தேர்ந்தெடுத்த அணி. தோல்விக்கு அழுவதென்றால் நான் பத்து வயதிலேயே அழுது தீர்த்திருப்பேன்.

அப்பா அதிகம் பேசாத மனிதர். உங்களுக்கே தெரியும். பரீட்சை மதிப்பெண் சொன்னால் "சரி" என்பார். வேலை கிடைத்தது என்று ஓடிவந்து சொன்னபோதும் "சரி"தான். எனக்கும் அவருக்கும் நடுவில் பேச்சு என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தத் தொண்ணூறு நிமிடம் மட்டும்தான். அதில் அவர் வேறு ஆள். நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார், கை பேசும், கண் பேசும், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மற்ற நேரத்தில் "ஏய்", "பாப்பா", அவ்வளவுதான்.

1974 இறுதிப் போட்டியை அவர் நேரில் பார்த்த ஆள் போலச் சொல்வார். எல்லாம் படித்ததும் பிற்பாடு பழைய பதிவுகளில் பார்த்ததும்தான். ஆட்டம் தொடங்கியதும் நெதர்லாந்துக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பந்தை மாற்றிக்கொண்டே போகிறார்கள். க்ரைஃப் உள்ளே நுழைகிறார், தள்ளிவிடுகிறார்கள், பெனால்டி. நீஸ்கென்ஸ் அடிக்கிறார். எதிரணியான மேற்கு ஜெர்மனியின் ஆட்டக்காரர் ஒருவர் காலில்கூடப் பந்து படவில்லை, அதற்குள் கோல். "பந்தைத் தொட்ட முதல் ஜெர்மனிக்காரன் கோல்கீப்பர்தான், அதுவும் வலைக்குள்ளேர்ந்து எடுக்கிறதுக்காக" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பார். அந்த ஆட்டத்தில் ஜெர்மனி 2-1 என்று ஜெயித்த கதையை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

1998-இல் எனக்குப் பத்து வயது. அர்ஜென்டினாவுடன் கால் இறுதி. 1-1. ஆட்டம் முடியும் நேரம். எங்கள் அணியின் ஃப்ராங்க் டி போயர் தன் பாதியிலிருந்து தூக்கி அடித்த பந்து மைதானத்தைக் கடந்து வருகிறது. பெர்க்காம்ப் வலது காலால் அதை அப்படியே அந்தரத்தில் அடக்கினார், அடுத்த தொடுதலில் அர்ஜென்டினாவின் தடுப்பாட்டக்காரர் அயாலாவைக் கழற்றிவிட்டார், மூன்றாவதில் கோல். மூன்றும் ஒரே கால். நான் கத்தினேன். அப்பா கத்தவில்லை. "பந்து வர்றதுக்கு முன்னாடி அவன் எங்க ஓடினான்னு பார்த்தியா?" என்றார். நான் பார்க்கவில்லை. பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதைச் சொன்னார்: "பந்தை எல்லாரும் பார்ப்பாங்க. நீ பந்து இல்லாத ஆளைப் பாரு. அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு அவன் சொல்வான்."

என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று நான் காட்டக்கூடிய ஒரே பாடம் இதுதான். அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் நாங்கள் இருவரும் அப்படித்தான் ஆட்டம் பார்த்தோம். யார் முதலில் அந்த ஆளைக் கண்டுபிடிக்கிறோம் என்று எங்களுக்குள் ஒரு போட்டியே உண்டு. திரையில் விரல் வைத்துக் காட்ட வேண்டும், கோலுக்கு முன்னால். கோல் விழுந்த பிறகு காட்டினால் கணக்கில் சேராது.

சரி, "வெறும் விளையாட்டுதானே" என்கிறவர்களுக்கு. ஆமாம், விளையாட்டுதான். உங்கள் அப்பாவுடன் நீங்கள் எதைப் பேசினீர்கள்? நிலமா, அரசியலா, பாட்டா? அதைப் பார்த்து யாராவது "வெறும் பாட்டுதானே" என்று சிரித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

"அது உன் நாட்டு அணியா?" இல்லை. அப்பாவின் அணி. எனக்கு அது போதும்.

"பொம்பளைப் பிள்ளைக்கு என்ன ஃபுட்பால்" என்று உள்பெட்டியில் வந்து கேட்டவருக்குப் பதில் இல்லை. என் அப்பா ஒரு நாள்கூட அதைக் கேட்டதில்லை. அண்ணன் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவான், நான் உட்கார்ந்திருப்பேன். அவர், தன்கூட உட்கார்ந்தவளோடு பேசினார்.

"செத்தவரை முகநூலில் இழுக்கலாமா" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை யோசித்தேன். நான் போட்டது ஒரு ஃப்ரீகிக் (எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் அடி) வீடியோ, அதோடு ஒரே வரி: "அப்பாவுக்காக நான் முதல் முறை அழுதது இதைப் பார்த்துத்தான்." அவர் படத்தைக்கூடப் போடவில்லை. இதற்குமேல் எப்படி அடக்கமாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு பேச்சு மட்டும் என்னை உட்காரவிடவில்லை. "ஆஸ்பத்திரியில அண்ணனைத் தூக்கி உட்கார வெச்சது நான், இவ ஃபோனைக் காட்டிட்டு இருந்தா" என்றீர்களே சித்தப்பா, அது உண்மை. நீங்கள்தான் தூக்கினீர்கள். இரவு முழிப்பு உங்களுடையதுதான். அதை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன், யாரிடமும் மறைக்கவும் மாட்டேன். நான் ஃபோனைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஃபோனில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்டதில்லை. 2021 ஜூன். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பை நடந்துகொண்டிருந்தது. உக்ரைனுடன் முதல் ஆட்டம், நெதர்லாந்து இரண்டு கோல் முன்னால் போய், இரண்டையும் திருப்பிக் கொடுத்து, கடைசியில் 85-வது நிமிடத்தில் டம்ஃப்ரீஸ் தலையால் அடித்து 3-2. பேச்சு ஏறக்குறைய நின்றிருந்த அப்பா, டம்ஃப்ரீஸ் அடிப்பதற்கு முன்னாலேயே விரலைத் தூக்கி அவனைக் காட்டினார். கை நடுங்கியது, ஆனால் சரியான ஆளைக் காட்டினார். அவர் எங்கே இருந்தார் என்று நீங்கள் எல்லோரும் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவர் அங்கேதான் இருந்தார். நான் அங்கே போய் அவரோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த சேவை அதுதான்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஜூன் 27, செக் குடியரசுடன் ஆட்டம். அன்றைக்கு அப்பாவால் பார்க்க முடியவில்லை. எங்கள் ஆட்டக்காரர் டி லிக்ட்டை வெளியேற்றிவிட்டார்கள், பத்துப் பேரோடு ஆடி 2-0 என்று தோற்றார்கள். மறுநாள் காலையில் கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் "ஜெயிச்சிட்டோம்ப்பா" என்றேன். "யாரு?" என்று உதடு அசைந்தது. கோல் யார் போட்டது என்று கேட்கிறார். "டெபாய்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான்காவது நாள் போய்விட்டார்.

எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே ஒரு மொழி. அதில் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது பொய்.

அதனால்தான், சித்தப்பா, எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் என்னைப் பிடித்துக் குலுக்கினீர்கள், "அழுதுடும்மா, அழுதுடு" என்றீர்கள். எனக்கு அந்தப் புருவம் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. கல்நெஞ்சம் என்று அன்றைக்கே யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஒன்றரை வருஷம் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு, எனக்கே அது உண்மையோ என்று பயந்துகொண்டு இருந்தேன். ஆட்டம் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

2022 டிசம்பர் 9. உலகக் கோப்பைக் கால் இறுதி, மறுபடியும் அர்ஜென்டினா. தூக்கம் வராமல்தான் போட்டேன். 2-0 பின்தங்கியிருந்தார்கள். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த வெக்ஹோர்ஸ்ட், ஆறரை அடி நெட்டையர், 83-வது நிமிடத்தில் தலையால் ஒன்று போட்டார். தொண்ணூறு நிமிடம் முடிந்ததும், வீணான நேரத்துக்காகப் பத்து நிமிடம் சேர்த்தார்கள். அதுவும் தாண்டிவிட்டது. கடைசி ஃப்ரீகிக், கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குச் சற்று வெளியே. அந்த இடத்திலிருந்து எல்லோரும் நேராகத்தான் அடிப்பார்கள். கோல்கீப்பர் அதற்குத்தான் நின்றார், தடுக்க வரிசை கட்டிய ஆட்டக்காரர்களின் சுவர் அதற்குத்தான் நின்றது, அரங்கம் முழுவதும் பந்தையே பார்த்தது.

நான் அந்த நெட்டையரைப் பார்த்தேன். சுவருக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிற மாதிரி நின்றார். அவரைப் போய் யாரும் கவனிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. விரலை நீட்டித் திரையில் வைத்து, "அப்பா, இவன், இவன்" என்று இடதுபக்கம் திரும்பினேன்.

எங்கள் அணியின் கூப்மைனர்ஸ் அடிக்கப்போவது போல வந்து பந்தைத் தரையோடு உருட்டிவிட்டதையும், வெக்ஹோர்ஸ்ட் முதுகில் ஆளைத் தாங்கியபடி திரும்பி அடித்ததையும் நான் மறுநாள்தான் பார்த்தேன். கோல் விழுந்த நேரத்தில் நான் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோலுக்கு முன்னால் காட்டிவிட்டேன். கணக்கில் சேரும். சொல்ல ஆள் இல்லை.

அப்போதுதான் வந்தது. ஆட்டம் சமனாகி, பெனால்டியில் 4-3 என்று தோற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அது என் காதில்கூட விழவில்லை. நீங்கள் சொன்ன "தேம்பித் தேம்பி" சரிதான். ஒன்றரை வருஷத்தில் முதல் முறையாகப் பொய் இல்லாமல் அவரோடு பேசியிருந்தேன். அதில் எந்த நாடு ஜெயித்தது, எவன் தோற்றான் என்பது எங்கே வருகிறது?

துக்கம் எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்று முறை வகுக்க யாருக்கும் உரிமை இல்லை. உங்களுக்கு அன்றைக்கே வந்தது, கூட்டத்தில் வந்தது. அதை நான் நடிப்பு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு ஒரு ஃப்ரீகிக்கில் வந்தது. நீங்களும் அப்படி நினைக்காமல் இருந்திருக்கலாம். அவ்வளவுதான் கேட்கிறேன். அதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வலிக்கிறது.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். அம்மா நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து அதை மூன்று முறை பார்த்தார். வாழ்க்கையில் ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்க்காதவர். மூன்றாவது முறை முடிந்ததும், "இதுல உங்கப்பா யாரைப் பார்த்துட்டு இருந்திருப்பார்?" என்று கேட்டார்.

திரும்பவும் முதலிலிருந்து போட்டு, பந்து உருளும் முன்னால் நிறுத்தி, அந்த நெட்டையரைக் காட்டினேன்.