‘மலிஸ் அஃபோர்தோட்’ எழுதினால் முறைப்பாடு வலுக்குமா?

வேலித் தகராறு பற்றிப் பொலிசுக்கு ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதும்போது ‘மலிஸ் அஃபோர்தோட்’ (malice aforethought, முன்கூட்டிய தீய எண்ணம்) என்று போட்டால்தான் தீய நோக்கம் எடுபடும் என்றொரு தகவல் யாழ்ப்பாணத்து வட்சப் குழுக்களில் சுற்றுகிறது. இது பிழை. அது இங்கிலாந்துச் சட்டத்தில் கொலைக்குற்றத்துக்குரிய தொடர். எங்கள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை கொலையை வரையறுக்கும் இடத்தில்கூட அது இல்லை. வேலித் தகராறுக்குப் பொருந்தவே பொருந்தாது.

தீய நோக்கத்துடன் என்று சொல்ல ‘வித் மலிஷஸ் இன்டென்ட்’ (with malicious intent) போதும்; நடுவில் ‘அ’ (a) வேண்டாம். ‘வித் இன்டென்ட் டு’ என்று தொடங்கினால் பின்னால் ‘டமேஜ்’ வரும். ‘வித் தி இன்டென்ஷன் ஒஃப்’ என்றால் ‘டமேஜிங்’. இரண்டையும் கலந்து ‘இன்டென்ட் டு டமேஜிங்’ என்று எழுதிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியம் விபரம்: எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்த வேலிக் கதியாலை யார் வெட்டினார், முன்பு என்ன சொல்லி வெருட்டினார் என்பதை முதலில் எழுதுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.