சீனிப்பாணியில் நிறம் வருவது பிரிப்பினால் அல்ல

சீனிப்பாணிக்குள் ஒளி போனால் இடக்கை, வலக்கை மூலக்கூறுகள் (கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றுக்கொன்று எதிரான வடிவங்கள்) தனித்தனியே ஒதுங்கும், அதனால்தான் நிறங்கள் தெரிகின்றன என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கிளிநொச்சி ரியூசன் குறூப்புகளிலும் இது சுற்றுகிறது.

நிறம் வருவது சரி, காரணம் வேறு. கடைச் சீனி முழுக்க ஒரே கைப்பக்கம்தான். பிரிக்க அங்கே ஒன்றுமில்லை. சீனி ஒளியின் அதிர்வுத் தளத்தை (ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை) திருப்புகிறது, நீலத்தைச் சிவப்பைவிடக் கூடுதலாக. ஒளியின் விசையால் 2014இல் இடக்கை, வலக்கை எனப் பிரித்துக் காட்டியது மைக்ரோமீற்றர் அளவுத் திரவப் பளிங்குத் (liquid crystal) துளிகளை. சீனி மூலக்கூறோ ஏறத்தாழ ஒரு நனோமீற்றர், அதாவது மைக்ரோமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைத் தரும் லப்டொப் திரைக்கு முன்னால் கெட்டிப் பாணி நிரப்பிய கிளாசை வைத்து, போலரைஸ்ட் கூலிங் கிளாஸை (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) எடுத்து அதனூடாகப் பாருங்கள். பாணியைத் தொடாமல் கூலிங் கிளாஸை மட்டும் மெல்லத் திருப்புங்கள், நிறம் மாறிக்கொண்டே போகும். அதைக் கழற்றினால் நிறமே இல்லை.