மல்லித் தண்ணீரை நம்பித் தைரொக்சினை நிறுத்தாதீர்கள்

"காலையில் மல்லி அவித்த தண்ணீர் குடித்தால் தைரொயிட் மாறிவிடும், குளிசை தேவையில்லை" என்று திருகோணமலையில் வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய். தைரொயிட் சுரப்பி குறைவாகச் சுரக்கும் தைரொக்சின் என்ற ஹோர்மோனை மல்லி ஈடுசெய்யாது; அதைத்தான் குளிசையாகத் தருகிறார்கள். உடலிலுள்ள தைரொக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் செல்லும். அதனால்தான் குளிசையை விட்டவருக்கு முதல் கிழமைகளில் சுகம்போலத் தெரிகிறது. களைப்பும் மலச்சிக்கலும் பிறகுதான் திரும்பும்.

குளிசை எடுத்தும் ரீ.எஸ்.எச். (தைரொக்சின் குறைந்தால் இரத்தத்தில் கூடும், சுரப்பியைத் தூண்டும் ஹோர்மோன்) இறங்கவில்லையா? முதலில் காலைப் பால்தேத்தண்ணியைக் கவனியுங்கள், அது குளிசை உடலில் சேர்வதைக் குறைக்கலாம். வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, 30 முதல் 60 நிமிடம் பொறுத்தே தேநீர். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். அளவு மாற்றினால் 6 முதல் 8 கிழமையில் இரத்தப் பரிசோதனை. கர்ப்பம் தெரிந்தால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள், பிள்ளையின் மூளை வளர்ச்சிக்காக அளவைக் கூட்ட வேண்டிவரும்.