ட்ரோலுக்குப் பெயர் மாற்றினால் போதுமா?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு. அதற்கென அச்சில் வந்த சாகசக் கதையை நம் ஊருக்குக் கொண்டுவர அரக்கர்களின் பெயரை மாற்றினாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கோத்தகிரியில் நண்பர்களுக்கு இந்த ஆட்டத்தை நடத்துபவன் நான். பாதிதான் சரி.

ஓநாய் சுலபம். 11 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), இரையின் பக்கத்தில் கூட்டாளி நின்றால் அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம்). அப்படியே முதுமலைச் செந்நாய்தான், எண்களைத் தொடவே வேண்டாம்.

ட்ரோல் என்கிற, காயம் தானே ஆறிவிடும் அரக்கன்தான் வேலை வாங்கும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கு 84 பாயிண்ட். சுற்றுக்குச் சுற்று 10 திரும்ப ஏறும். தீயோ அமிலமோ பட்டால் அடுத்த முறை ஏறாது. அதைக் கொண்டுபோய் ஆடி மழையில் நீலகிரியின் அவலாஞ்சி சோலைக்காட்டுக்குள் விட்டேன். பந்தம் நனைந்து புகைகிறது, பத்தடிக்கு அப்பால் மஞ்சு. ஆட்டக்காரி ஒருத்தி மூட்டையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து அதன் தலையில் கவிழ்த்து, "இப்ப பத்த வைங்கடா" என்றாள். விதிப்புத்தகத்தின் எண்ணெய்க் குப்பிக் கணக்கிலேயே 5 தீச் சேதம் கொடுத்தேன். (வெள்ளைக்காரன் வருமுன் இங்கே தைல மரம் ஏது என்று கேட்காதீர்கள். டிராகன் மட்டும் இருந்ததாக்கும்!)

ஆனால் ஆர்க் என்கிற அரக்கக் கும்பலுக்குப் பதில் 'மலைவாசிகளை'ப் போடலாம் என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரி வருகிறதே, அது வேண்டாம் சாமி. எங்கள் மேசையில் படுகர் பையனும் இருளர் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சந்தனக் கடத்தல் கும்பலை வைத்தேன். குகை, காவல், பொறி எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே பொருந்திவிட்டது.